கல்நாரும் சரக்கின் குறையும்

தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த வரலாற்றைக் கேட்டறியாத வியாபாரி நம்மில் இருக்கமாட்டார். மேலே உலர்ந்திருந்தது, அடியில் விரல் நனைந்தது. மழை பெய்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நாயகமவர்கள் கேட்டார்கள். மழை எவர் சரக்கின் மீதும் பெய்யும், அது குற்றமன்று. தெரிந்த குறையை அடியில் தள்ளி மறைத்ததே குற்றம். பிக்ஹு நூல்கள் ‘ஐபு’ என்று கூறும் சரக்கின் குறையைப் பற்றிய சட்டங்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

நம் காலத்திற்கு அண்மையில் இந்த ஈரத்தை அறுபது எழுபது வருஷம் மறைத்து வைத்த ஒரு வியாபாரம் நடந்திருக்கிறது. அந்தச் சரக்கின் பெயர் ஆஸ்பெஸ்டாஸ்; தமிழில் கல்நார்.

சுரங்கத்தில் கல்லாக வெட்டி எடுப்பது, பிரித்தால் பஞ்சு போலாகும். அதை நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், தீயில் வேகாது. நீராவிக் கொதிகலன்களுக்கும் குழாய்களுக்கும் சுற்றினார்கள். மோட்டார் வண்டியின் பிரேக்கில் வைத்தார்கள். சிமெண்டுடன் கலந்து நெளிநெளியான கூரைத் தகடாக்கினார்கள். மலிவான சரக்கு, பழைய கிட்டங்கிகள் பலவற்றின் கூரை அதுவே. ஆனால் அதன் தூளிலுள்ள நார்கள் தலைமயிரைவிட மிக மெலிந்தவை. மூச்சோடு நுரையீரலில் இறங்கினால் அங்கேயே தைத்துக்கொள்ளும். நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். பின்னர் புற்றுநோயும் வரும். இன்று நுழைந்த தூள் இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்தே தன் வேலையைக் காட்டும். மறைக்க நினைத்தவர்களுக்கு இந்தத் தாமதம் வெகு வசதியாகப் போயிற்று.

முதல் எச்சரிக்கை 1898ல் வந்தது. இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பரிசோதகர் லூசி டீன் என்ற மாது, இத்தூளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்ததில் கண்ணாடிச் சில்லுபோல் கூராக இருந்தது என்று அறிக்கை எழுதினார். அடுத்த வருஷம் லண்டனில் டாக்டர் மர்ரேயிடம் ஒரு நோயாளி வந்தார். கல்நார் ஆலையில் தம்மோடு ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தாம் ஒருவரே மிச்சம் என்றார், அவரும் இறந்தார். 1906ல் டாக்டர் இதை அரசாங்கக் குழுவின் முன் கூறியும் நஷ்டஈட்டுப் பட்டியலில் கல்நார் சேரவில்லை. 1918க்குள் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கல்நார்த் தொழிலாளருக்கு ஆயுள் பாலிசி கொடுப்பதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டிருந்தன. கணக்குப் பார்ப்பவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூச்சு விடுபவனுக்கு எவரும் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் டர்னர் பிரதர்ஸ் ஆலையில் கல்நாரை நூலாக்கும் வேலை செய்தார். 1922ல் மூச்சு முட்டி வேலையை விட்டார். கல்நாரால் வந்த வியாதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தொழிலால் வந்ததாயின் எங்கள் பொறுப்பன்று என்று கைவிரித்தது சுகாதார இன்ஷூரன்ஸ். அப்படியொரு தொழில் வியாதியே கிடையாது என்றது கம்பெனி. இரண்டு கதவும் மூடிக்கொண்டன. 1924 மார்ச்சில், தம் 33-ஆம் வயதில் அவர் இறந்தார். கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள் என்று, அடக்கச் செலவைக்கூடக் கம்பெனி தரவில்லை. பெயர்க்கல் இல்லாத குழியில் அடக்கினார்கள். டாக்டர் கூக் அந்த நுரையீரலைச் சோதித்து, உள்ளே கல்நார்த் துகள்களைக் கண்டு, அதே வருஷம் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்.

பின்னர் அரசாங்கமே 363 தொழிலாளரைப் பரிசோதித்தது. நாலில் ஒருவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது என்ற அறிக்கை 1930ல் வெளியாயிற்று. 1931ல் சட்டமும் வந்தது. ஆனால் அது ஆலைக்குள் சில வேலைகளுக்கு மட்டுமே. தகட்டை வாங்கி அறுத்த தச்சரையும் கொத்தனாரையும் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

1930க்கு முன் ‘அறியோம்’ என்று சொன்னவர்களில் சிலரையாவது நாம் மன்னிக்கலாம். அதன் பின் மன்னிப்பதற்கில்லை. 1935ல் அமெரிக்கக் கல்நார்க் கம்பெனித் தலைவர் ஒருவர், ஜான்ஸ் மான்வில் கம்பெனியின் வக்கீலுக்கு, இவ்விஷயத்தை எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நமக்கு நல்லது என்ற கருத்தில் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் 1970களின் பிற்பகுதியில்தான் நீதிமன்றங்களுக்கு வந்தன. 1955ல் டாக்டர் ரிச்சர்ட் டால், ராச்டேல் ஆலையில் இருபது வருஷத்துக்கு மேல் உழைத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் பத்து மடங்கு என்று கண்டார். அதை அச்சேறவிடாமல் தடுக்கக் கம்பெனி முயன்றது, பத்திரிகை இணங்கவில்லை.

1960ல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் வாக்னர், நுரையீரலின் உறையில் தோன்றும் அபூர்வமான புற்றுநோய் 33 பேருக்கு வந்ததைக் கண்டார். அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்கியவர்களே அல்லர். சிறுவயதில் சுரங்கத்தருகே வாழ்ந்தவர்கள். 1965ல் லண்டன் ஆராய்ச்சி இன்னும் கொடியதைச் சொல்லிற்று. கணவனின் வேலைச் சட்டையைத் துவைத்த மனைவிமாருக்கும், ஆலைக்கு அரை மைலுக்குள் குடியிருந்தவர்களுக்கும் அதே நோய். இவர்களில் எவரும் ஆலையில் ஒரு காசு கூலி வாங்கியதில்லை.

வழக்குகள் குவிந்தன. 1982ல் ஜான்ஸ் மான்வில் கம்பெனி நொடித்துப் போகாமலேயே நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரிற்று. சிங்கப்பூரில் 1989 முதல் கட்டடங்களில் கல்நார் கூடாது. இங்கிலாந்து 1999ல் எல்லா வகைக் கல்நாரையும் தடுத்தது. அப்படியும், வேலையிடத்தில் சுவாசித்த கல்நாரால் ஆண்டொன்றுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அன்று இறங்கிய தூள் இன்று கணக்குத் தீர்க்கிறது.

நம் சகோதரர்களில் பழைய கடைவீடும் கிட்டங்கியும் உடையவர்கள் பலர். உடையாத தகடு சும்மா இருக்கும்வரை தூள் பறக்காது. அறுத்தாலும் துளைத்தாலும் உடைத்தாலும்தான் அபாயம். ஆகவே கூரை மாற்றும்போது கூலி மலிவு என்று கடைப் பையன்களை மேலே ஏற்றாதீர்கள். அதற்கென்று பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்களை அழையுங்கள். விழுந்த தூளைக் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டவேண்டாம். கழற்றிய தகட்டை ஆட்டுக் கொட்டகைக்கு என்று கேட்டு வருபவருக்கு விற்கவும் வேண்டாம். கடையையே விற்பதாயின், கூரை கல்நார் என்பதைப் பத்திரம் எழுதுமுன் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், கேட்கட்டும்.