கோவம் வருகிற நேரத்தைக் கவனிப்போம்



யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் இருக்கும் தீவுகளில் நயினாதீவும் ஒன்று. ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் அதன் அயல். புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகு ஏற வேண்டும். நாகபூஷணி அம்மனைக் கும்பிட நம் மலையகத்திலிருந்தும் போய் வருகிறவர்கள் உண்டு. அம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே நாகவிகாரையும் இருக்கிறது. அந்த விகாரைக்கு ஒரு பழங்கதை உண்டு. அதிலிருந்தே இந்த மாதப் பாடத்தைத் தொடங்குவோம்.

மாமனும் மருமகனும்

புத்தர் ஞானம் பெற்ற 5ஆம் ஆண்டில் நாகதீபத்துக்கு வந்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. மகோதரன், சூளோதரன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவர் தாய்மாமன், மற்றவர் மருமகன். மணி பதித்த ஓர் ஆசனம் யாருக்கு என்பதில் படை திரட்டிச் சண்டைக்கு நின்றார்கள். புத்தர் நடுவில் வந்து சண்டையை நிறுத்தி, சமாதானத்தின் நன்மையை எடுத்துச் சொன்னார். கேட்ட இருவரும் ஆசனத்தை அவருக்கே கொடுத்தார்கள். அவரோ, வணங்கி வாருங்கள் என்று அதை அவர்களிடமே விட்டுப் போனார். நம் மணிமேகலைக் காப்பியத்திலும் மணிபல்லவம் என்ற தீவில் இதே மாதிரி ஒரு கதை வருகிறது. அந்தத் தீவு நயினாதீவே என்று கருதும் அறிஞர்கள் பலர்.

ஆசனம் என்றால் நமக்குத் தூரத்து விஷயம். ஆனால் லயத்துக் காம்பராவுக்காக, தண்ணீர்ப் பீலிக்காக, ஒரு போனுக்காக சொந்தத்துக்குள்ளேயே வெட்டுக்குத்து வரை போனதை நாம் பார்த்திருக்கிறோமே! பொருள் சின்னதுதான். கோவம் வந்ததைக் கவனிக்காமல் விட்டதுதான் பெரிதாகிவிடுகிறது.

கவனிப்பு என்றால் என்ன?

புத்தர் சொன்ன கவனிப்புக்குப் பாளி மொழியில் 'சதி' என்று பெயர். "சதி பண்ணிட்டான்" என்கிற சதி அல்ல இது. மறவாமை, விழிப்பு என்று பொருள். உடம்பில் நடப்பது, சுகமோ வலியோ என்ற உணர்ச்சி, மனதின் நிலை, மனதில் எழும் விஷயங்கள் ஆகிய நான்கையும் உள்ளபடி பார்க்க வேண்டும் என்பது சதிபட்டான சூத்திரம்.

இதற்குக் கண்ணை மூடி உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. நடப்பது, குனிவது, நிமிர்வது, சாப்பிடுவது, குடிப்பது எல்லாவற்றையும் கவனத்தோடு செய் என்று அந்தச் சூத்திரமே சொல்கிறது. அப்படியானால் மலையில் நிற்கிற நமக்கும் இது ஆகும். இதற்காக யாரும் மதம் மாற வேண்டியதில்லை. மூச்சு எல்லோருக்கும் ஒன்றுதான்.

இந்தப் பாடம் உலகத்துக்குப் போனதில் நம் மலைநாட்டுக்கும் பங்கு உண்டு. ஜெர்மனியில் பிறந்த ஞானபோனிக தேரர் 1936இல் இலங்கைக்கு வந்தார். பிறகு கண்டி உடவத்தைக் காட்டிலுள்ள ஆசிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் காலமானார். கவனிப்பைப் பற்றி 1954இல் வெளிவந்த அவருடைய நூலைப் பல நாட்டாரும் படித்தார்கள். 1979இல் அமெரிக்காவில் ஜோன் கபட்-சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியும் மன அழுத்தமும் உள்ள நோயாளிகளுக்கு இதைப் பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

இரண்டு அம்புகள்

புத்தர் ஓர் உவமை சொன்னார். உடம்பில் வலி வருவது முதல் அம்பு. அதை நினைத்து நினைத்து மனம் புலம்புவது இரண்டாவது அம்பு. நாள் முழுக்கக் கூடை சுமந்து இடுப்பு வலிப்பது முதல் அம்பு. "எனக்கு மட்டும்தான் இப்படி, வீட்டில் ஒருத்தருக்கும் அக்கறை இல்லை" என்று பொருமி, பிள்ளையை அடிப்பது இரண்டாவது. "கால் போத்தல் எடுத்தால் சரியாகிவிடும்" என்று கடைக்கு நடப்பதும் இரண்டாவதுதான். முதல் அம்பைத் தடுப்பது எப்போதும் நம் கையில் இல்லை. இரண்டாவதைத் தடுக்கப் பழகலாம்.

செய்து பார்க்க

1. காலையில் பெரட்டுக்குக் கிளம்பும் முன் பத்து மூச்சை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

2. கொழுந்து நிறுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் பாதம் எங்கே ஊன்றுகிறது, தோளும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். சறுக்கும் மலையில், குளவிக்கூடு இருக்கும் இடத்தில், இந்தக் கவனம் உயிரையும் காக்கும்.

3. மனக் கவனிப்பை நகரத்தின் வாயில்காவலனுக்கு ஒப்பிடுவார்கள். வேலை விட்டு வந்ததும் லயத்து வாசற்படியில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடுங்கள். அப்படி விடும்போது நெஞ்சுப் படபடப்பு தணியும். "எனக்குக் கோவம் இருக்கிறது" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

அடங்கிப்போவது அல்ல

நிறுவையில் கிலோ குறைந்தால், பேர் விழாமல் போனால், மூச்சை எண்ணிக்கொண்டு சும்மா இருங்கள் என்று நாம் சொல்லவில்லை. கத்தினால் நாம் கத்தினது மட்டும்தான் பேச்சாகும். தேதியும் கிலோவும் எழுதிவைத்து, தலைவரையும் கூட்டிக்கொண்டு போய் நிதானமாகக் கேட்டால், நம் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடி வாங்கும் பெண்ணுக்கும் பொறுத்துப் போ என்பது பாடமல்ல. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குப் பேசலாம். தூக்கமில்லாமல், வாழவே பிடிக்காமல் மனம் கனத்தால் 1926க்கு அழையுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுப் பயிற்சி மருந்துக்குப் பதில் ஆகாது.

வீட்டில் பேசிப் பாருங்கள்

இந்த வாரம் நம் வீட்டில் வந்த சண்டை எந்த "ஆசனத்துக்காக" வந்தது? அதில் முதல் அம்பு எது, இரண்டாவது எது? பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் பேசுங்கள். அவர்கள் சொல்வதையும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதும் இந்தப் பாடத்தில் ஒரு பயிற்சிதான்.