"தைரியமா இரு" என்றால் போதுமா?



நம் நண்பன் ஒருவன் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் வருவதில்லை. நாம் என்ன சொல்வோம்? "டேய், தைரியமா இரு. எல்லாம் சரியாயிடும்." அன்போடுதான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வரி அவனுக்குப் போதுமா? இதுதான் இந்த மாதப் பாடம்.

1. அர்ஜுனனுக்கே போதவில்லை

கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். விஷாதம் என்றால் மனத்துயர். உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது. இத்தனைக்கும் அர்ஜுனன் கோழை இல்லை, மாவீரன்.

அவன் தன் துயரத்தைக் கொட்டித் தீர்க்கும்வரை கண்ணன் குறுக்கிடவில்லை. பிறகு, மனத்தளர்ச்சியை விட்டு எழு என்கிறார். அதுவும் நம்முடைய "தைரியமா இரு" போலத்தான்! அர்ஜுனன் உடனே எழுந்தானா? இல்லை. எனக்குக் குழப்பமாக இருக்கிறது, வழிகாட்டு என்று கேட்கிறான். அதன்பின்தான் அந்த நீண்ட உரையாடல். கடைசி அத்தியாயத்தில்கூட, இதையெல்லாம் நன்றாக ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விடுகிறார்.

கீதை ஆன்மிக நூல், மருத்துவ நூல் அல்ல. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கலங்கிய மனத்துக்கு ஒரு வரி அறிவுரை போதாது. பேசவும், கேட்கவும், யோசிக்கவும் நேரம் வேண்டும்.

2. அந்த அறையில் என்ன நடக்கும்?

உளவியல் சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவரோடு பேசிச் செய்யும் சிகிச்சை. ஒரு சந்திப்பு பெரும்பாலும் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருக்கும். அவர் நம்மைத் திட்ட மாட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட மாட்டார். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளைத் தவிர, நாம் சொன்னதை வெளியே சொல்லவும் மாட்டார்.

இது "பைத்தியத்துக்கு" உரியது என்று நினைப்பது தவறு. தேர்வுப் பயம், காதல் முறிவு, வீட்டுச் சண்டை, அன்புக்குரியவரின் மறைவு, காரணமே தெரியாத சோர்வு, எதற்காகவும் போகலாம்.

3. எண்ணம், உணர்வு, செயல்

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் சில எண்ணங்கள் தானாகவே ஓடுவதைக் கவனித்தார். 1960களில் அவர் தொடங்கிய முறைதான் இன்று சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை.

ஓர் எடுத்துக்காட்டு. தோழிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறீர்கள். நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை.

எண்ணம்: "அவளுக்கு என்னைப் பிடிக்கல."
உணர்வு: வருத்தம், வெட்கம்.
செயல்: அவளைத் தவிர்ப்பது.

நாம் தவிர்த்தால் அவளும் விலகுவாள். "பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்" என்று மனம் சொல்லும். இப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

சிகிச்சையாளர் இங்கே "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று சொல்வதில்லை. கேள்வி கேட்கிறார். இதற்கு என்ன ஆதாரம்? வேறு காரணம் இருக்கலாமா? நேரில் கேட்டுப் பார்த்தால் என்ன? நாமே போய்ச் சோதித்துப் பார்க்கிறோம். பயமும் அப்படித்தான். மேடைப் பயம் உள்ளவர் முதலில் இரண்டு பேர் முன் பேசுவார், பிறகு பத்துப் பேர் முன். எண்ணம் வேறு, உண்மை வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதே இதன் பலன். ஒரே நாளில் நடக்காது. பல வாரம் ஆகும், வீட்டுப்பாடமும் உண்டு.

4. சாமி கும்பிட்டால் போதாதா?

கும்பிடுங்கள். தேவாரம் பாடுவதும் தியானமும் மனத்துக்கு ஆறுதல். ஆனால் கால் முறிந்தால் வேண்டிக்கொண்டே மருத்துவமனைக்கும் போகிறோம் அல்லவா? மனத்துக்கும் அதே நியாயம்தான். உதவி கேட்பது பக்திக் குறைவு ஆகாது.

5. எங்கே போவது?

பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவு உண்டு. அரசாங்க சுகாதார கிளினிக்கிலும் கேட்கலாம். தனியாரிடம் போனால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். மருந்து தேவையா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்வார்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929 (24 மணி நேரம்), ஹீல் 15555, அவசரம் என்றால் 999. போலீஸ் பிடிக்குமோ என்று பயப்படவும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவை மலேசியா 2023இல் நீக்கிவிட்டது.

கலந்துரையாடுவோம்

1. துயரத்தில் இருப்பவரிடம் நாம் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் எவை? அவற்றுக்குப் பதில் என்ன கேட்கலாம்?
2. இந்த வாரம் உங்களை வருத்திய ஓர் எண்ணத்தை எழுதுங்கள். அதற்கு ஆதாரம் எது, எதிர் ஆதாரம் எது?
3. நம் வகுப்புக்குக் கொஞ்ச நாளாக வராதவர் யார்? இந்த வாரம் அவரைப் பார்த்து, அறிவுரை சொல்லாமல், பத்து நிமிடம் அவர் பேசுவதைக் கேட்டு வருவது யார் பொறுப்பு?