வேகம் காட்டும் மீட்டர்

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அதன் பிறகு நம் ஊர் ஆட்கள் பலர் வேலைக்காக ரயிலில் பெங்களூர் போய் வருகிறார்கள். விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். லைன் வீட்டிலிருந்து மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கோ, சாம்பியன் ஸ்டேஷனுக்கோ சிலர் நடக்கிறார்கள். சிலர் சைக்கிளில் போகிறார்கள். இப்போது பேட்டரி வண்டியும் வந்துவிட்டது.

சைக்கிளை வேகமாக மிதித்தால் மூச்சு வாங்கும். வேகம் உடம்புக்கே தெரிந்துவிடும். பெட்ரோல் வண்டி என்றால் சத்தம் கூடும். பேட்டரி வண்டியில் மூச்சும் வாங்காது, சத்தமும் வராது. 20இல் போகிறோமா, 40இல் போகிறோமா என்று இருட்டில் எப்படித் தெரியும்?

25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடியில் 7 மீட்டர் கடப்போம். 50 என்றால் 14 மீட்டர். பள்ளம் கண்ணில் பட்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும். பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும்.

சட்டமும் வேகத்தைப் பார்க்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25க்குள், எடையும் வரம்புக்குள் இருக்கும் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம். ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். லைசென்ஸ், நம்பர், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். சில இடங்களில் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு வேகத்தைக் கூட்டித் தருகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் அடிபட்டால் இன்சூரன்ஸ் பணம் கேட்பதில் சிக்கல் வரலாம்.

சரி, மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

சுரங்கத்தில் வேலை செய்த தாத்தா வீட்டில் இருந்தால் வைண்டிங் இன்ஜின் பற்றிக் கேளுங்கள். கூண்டு ஆயிரக்கணக்கான அடி கீழே போகும். இன்ஜின் ஓட்டுபவர் மேலே இருப்பார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கயிறு சுற்றிய டிரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து ஒரு முள் நகரும். அந்த முள்ளைப் பார்த்துத்தான் நிறுத்துவார். சைக்கிள் மீட்டரும் சுற்றைத்தான் எண்ணுகிறது. சக்கரக் கம்பியில் ஒரு சிறிய காந்தம் இருக்கும். ஃபோர்க்கில் சென்சார் இருக்கும். காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு சுற்று. நம் சக்கரத்தின் சுற்றளவு 200 சென்டிமீட்டர் என்றால், 500 சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர்.

ஒயர் உள்ள மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒயர் இல்லாதது பார்க்க அழகு. ஆனால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அதன் சிக்னலைக் குழப்பலாம். திடீரென்று தப்பான எண் வரும். நான் ஒயர் உள்ளதைத்தான் சொல்வேன். மோட்டார் இல்லாத சக்கரத்தில் பொருத்துங்கள். விலை குறைந்த பல மீட்டர்களில் விளக்கு இராது. விடிவதற்கு முன் கிளம்புகிறவர்களுக்கு விளக்கு அவசியம். கடையிலேயே எரியவிட்டுப் பாருங்கள்.

செல்போனும் வேகம் காட்டும். அது வேகத்தைக் கொஞ்சம் தாமதமாகக் காட்டும். நம் மேடு பள்ளத்தில் போன் கீழே விழுந்தால் மீட்டரை விடச் செலவு அதிகம்.

"எல்லா வண்டிக்கும் சரியாக இருக்கும்" என்பார் கடைக்காரர். அப்படி இல்லை. சக்கரத்தின் அளவை மீட்டருக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு நேரே தரையிலும் ஒரு கோடு. வண்டியில் உட்கார்ந்து, நேராக ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். உட்காராமல் உருட்டினால் அளவு கூடிவிடும், ஏனென்றால் ஆள் ஏறினால் டயர் சற்று அமுங்கும். டயரின் கோடு மறுபடி தரையைத் தொடும் இடம் வரை டேப்பால் அளந்து, மில்லிமீட்டரில் பதியுங்கள்.

தப்பாகப் பதிந்தால் என்ன ஆகும்? சக்கரம் 200 சென்டிமீட்டர். மீட்டரில் 160 என்று இருக்கிறது. மீட்டர் 24 காட்டும். வண்டி 30இல் போய்க்கொண்டிருக்கும்! விலை உயர்ந்த மீட்டரிலும் இப்படித்தான் ஆகும்.

பதிந்த பிறகு, பகலில், கூட்டம் இல்லாத ரோட்டில் சோதியுங்கள். ஒரு கிலோமீட்டர் கல்லில் ஒருவர், அடுத்த கல்லில் ஒருவர் நிற்கட்டும். செல்போனில் பேசி நேரம் குறிக்கட்டும். ஓட்டுகிறவர் வாட்ச் பார்க்க வேண்டாம். மீட்டரில் 20 மாறாமல் ஓட்டினால், அடுத்த கல் 3 நிமிடத்தில் வர வேண்டும்.

கணக்கு: மீட்டர் 20 காட்டுகிறது. அடுத்த கல் இரண்டரை நிமிடத்தில் வந்துவிட்டது. வண்டியின் உண்மையான வேகம் என்ன? மீட்டரில் பதிந்த சுற்றளவைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?