சாக்லேட்டின் சுவை தோப்பிலேயே பிறக்கிறது

தஞ்சை மாவட்டத்தில் புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாய் பாயும் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னையே முக்கிய தோட்டப்பயிர். பழைய டெல்டாவின் களிமண் வயல்களில் நீர் தேங்குவதால் அங்கு கோகோ வராது. வடிகால் வசதியுள்ள தென்னந்தோப்பில் ஊடுபயிராக நன்கு வரும். கோகோ பயிரிட்டுள்ள விவசாயிகள் பலர், 'காயைப் பறித்துக் கொட்டையைக் கொடுத்தால் நம் வேலை முடிந்தது. சாக்லேட்டின் ருசி ஆலைக்காரர் பொறுப்பு' என்று எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். நல்ல சாக்லேட் எது, அதன் சுவை எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தவருக்கே கொட்டைக்கு நல்ல விலை பேச இயலும்.

சாக்லேட்டின் வகைகள்

கடையில் எத்தனையோ பெயர்களில் சாக்லேட் விற்றாலும் அடிப்படை வகைகள் மூன்றே. வறுத்து அரைத்த கோகோக் கூழ், கோகோ வெண்ணெய், சர்க்கரை ஆகியவை சேர்ந்தது கரும் சாக்லேட். இவற்றோடு பால் பொருளும் சேர்ந்தால் பால் சாக்லேட். இதனை 1875-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் டேனியல் பீட்டர் உருவாக்கினார். கோகோக் கூழ் இல்லாமல் கோகோ வெண்ணெய், பால், சர்க்கரை மட்டும் சேர்த்துச் செய்வது வெள்ளைச் சாக்லேட்.

நம் குழந்தைகள் பெரிதும் விரும்புவது பால் சாக்லேட். ஆனால் கொட்டையின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது கரும் சாக்லேட்தான். கும்பகோணம் டிகிரி காப்பியில் பாலும் சர்க்கரையும் காப்பிக்கொட்டையின் சிறு குறைகளை மறைத்துவிடும். வெறும் டிகாக்‌ஷனைக் குடித்தால் குறை நாக்கில் தெரிந்துவிடும். இதுவும் அவ்வாறே.

நல்ல சாக்லேட் வாயில் இட்டவுடன் மெல்லக் கரைய வேண்டும். கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், அதாவது நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் குறைவான சூட்டில் உருகுவதே இதற்குக் காரணம். விலை குறைந்த மிட்டாய்களில் இதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்ப்பதுண்டு. அவற்றில் பல நாக்கில் மெழுகு போல ஒட்டும். உறையில் அச்சிட்டுள்ள பொருள் பட்டியலைப் படித்து வாங்குவது நல்லது.

இனிப்பின் அளவையும் அரைப்பின் நயத்தையும் ஆலையில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் புளிக்காத கொட்டையின் துவர்ப்பு, பூசண வாடை, புகை வாடை ஆகியவற்றை எந்த ஆலையாலும் முழுமையாக நீக்க இயலாது. இம்மூன்றையும் தடுப்பது விவசாயி கையில் உள்ளது.

பழுத்த காயையே பறிக்கவும்

பூ கருவுற்று ஐந்து முதல் ஆறு மாதங்களில் காய் முதிரும். பச்சைக் காய் மஞ்சளாக மாறியதும் பறிக்கலாம். காயைத் திருகி இழுத்தால் காம்பு இருந்த பூமெத்தை காயப்பட்டு அடுத்த காய்ப்பு குறையும். ஆகவே கத்தியால் காம்பை அறுத்தல் வேண்டும். உடைக்கும்போது கத்தியைப் பயன்படுத்தக் கூடாது. கொட்டையில் வெட்டு விழுந்தால் அவ்வழியே பூசணம் நுழையும். காயைக் கடினமான தரையிலோ கட்டையிலோ தட்டி உடைக்கலாம். அணிலும் எலியும் கடித்த காய்களின் கொட்டைகளை நல்லவற்றுடன் கலக்க வேண்டாம்.

ஆறு நாள் புளிப்பு

கோகோக் கொட்டையை அப்படியே உலர்த்தி வறுத்தால் சாக்லேட் மணம் வராது. கொட்டையைச் சுற்றியுள்ள வெண்ணிறச் சதையில் சர்க்கரை உள்ளது. இட்லி மாவு பொங்குவது போலவே நுண்ணுயிர்கள் இங்கும் வேலை செய்கின்றன. முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். பின்னர் பாக்டீரியா அதனை அசிட்டிக் அமிலமாக மாற்றும். அப்போது குவியலின் சூடு 45 முதல் 50 டிகிரி வரை ஏறும். சூட்டிலும் அமிலத்திலும் முளை இறந்து, துவர்ப்பு குறைந்து, ஊதா நிறம் பழுப்பாக மாறும். வறுக்கும்போது வெளிப்படும் மணத்திற்கு வித்து இங்கேதான் விழுகிறது.

அதிகக் கொட்டை உள்ளவர்கள் 50 கிலோவுக்குக் குறையாமல் வாழை இலை மீது குவித்து மூடலாம். சிறு விவசாயிகளுக்கு 2 முதல் 6 கிலோ கொள்ளும் மூங்கில் கூடை போதும். கூடையின் உட்புறம் வாழை இலை விரித்து, நீர் வடிய இடைவெளி விட்டு, கொட்டையை நிரப்பி மேலே இலையால் மூட வேண்டும். மறுநாள் கனமான சாக்குப்பையால் போர்த்த வேண்டும். 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் கொட்டையைக் கிளறிவிட்டு மீண்டும் மூட வேண்டும். ஏழாம் நாள் எடுத்து உலர்த்தலாம். நாள் தவறினால் அழுகல் நாற்றம் ஏற்படும்.

மழைக்காலத்தில் எச்சரிக்கை

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரம் என்பது நமக்குப் பழகிய கணக்கு. கோகோவுக்கு இது ஆகாது. 6 முதல் 7 சதவிகிதம் வரை காய வேண்டும். 8-ஐத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். நல்ல வெயிலில் நான்கைந்து நாட்கள் மெல்லிய பரப்பாகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்த வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் மொறுமொறுவென ஓசை வருவது பதம்.

நெல்லைப் போலத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைப்பது கூடாது. தார் வாடையும் வண்டிப் புகையும் கொட்டையில் ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்ணாடித்தாள் கூரையிட்ட சூரிய உலர்த்திக் கூடாரம் கைகொடுக்கும். விறகுப் புகை நேரே படும்படி உலர்த்தினால் முழுச் சரக்கும் வீணாகும். காய்ந்த கொட்டையை உட்புறம் பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டி, உரம், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் இல்லாத அறையில் வைக்க வேண்டும்.

தரம் அறியும் முறை

நூறு கொட்டைகளை எடுத்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்பு நிறமும் வெடிப்புகளும் இருந்தால் நன்கு புளித்தது. ஊதா என்றால் புளிப்பு போதாது. சிலேட்டுப் பலகை போலச் சாம்பல் நிறமாக இருந்தால் புளிக்கவே இல்லை. இச்சோதனையைத் தாமே செய்து பார்த்தவரை வாங்குவோர் ஏமாற்ற இயலாது.

கணக்கும் வேண்டும்

ஏறத்தாழ 3 கிலோ பச்சைக் கொட்டை 1 கிலோ உலர் கொட்டையாகும். ஆகவே பச்சைக் கொட்டையின் விலையை மூன்றால் பெருக்கி, கூலியையும் கூட்டி, உலர் கொட்டையின் விலையுடன் ஒப்பிடுங்கள். மிச்சம் இல்லையெனில் பச்சையாக விற்பதே மேல்.

1980-களில் விலை சரிந்தபோது கேரளத்தில் பலர் கோகோ மரங்களை வெட்டினர். 2024-ல் உலகச் சந்தையில் டன் 10,000 டாலரைத் தாண்டிய விலை, பின்னர் பெரிதும் இறங்கியது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயலில் தென்னையை இழந்த நம் வட்டாரத்தார்க்கு ஒரே வருவாயை நம்புவதன் ஆபத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தை விலை நம் கையில் இல்லை. கொட்டையின் தரம் நம் கையில் உள்ளது. விலை இறங்கும் காலத்தில் முதலில் கழிக்கப்படுவது ஊதாவும் பூசணமும் கலந்த சரக்கே. ஆகவே விவசாயப் பெருமக்கள் அடுத்த அறுவடையில் ஒரு கூடையையேனும் முறைப்படி புளிக்கவைத்து, உலர்த்தி, பிளந்து பார்த்துப் பயன்பெறுவார்களாக.