தனியே ஓடும்போது மனதை அலையவிடுங்கள்

தனியாக ஓடும் நேரத்தில் மனதுக்குக் கடிவாளம் வேண்டாம். சிக்கலான யோசனைகள் பல அப்போது தெளியும்.

• முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். மூச்சிரைத்தால் கவனம் முழுக்க மூச்சிலேயே நின்றுவிடும்.

• பூங்கா, பள்ளி மைதானம் போன்ற வண்டி வராத, பழகிய பாதையே நல்லது. ஹெட்போன் வேண்டாம்.

• சாலையோரம் என்றால், எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி வலப்பக்கமாக ஓடுங்கள். சாலையைக் கடக்கும்போதும் தெருநாய்களைக் கண்டாலும் யோசனையை நிறுத்திவிடுங்கள்.

• ஒரே கவலை திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த மின்கம்பம் வரை காலடிகளை எண்ணுங்கள்.

• தோன்றிய நல்ல யோசனையைக் குளிக்கப் போகும் முன்பே எழுதிவையுங்கள்.

• போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அவசர உதவிக்கு 112.