கார் ஷெட்டுக்குக் காற்று

அன்புள்ள இனியா,

கார் ஷெட்டுக்கு எந்த ஃபேன் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கம்பெனிப் பெயர்களை வரிசையாக அடுக்கியவள் ஷெட்டின் உயரத்தை எழுதவில்லையே! முதலில் டேப்பை எடு.

சீலிங் ஃபேனின் இறக்கைக்குக் கீழே எட்டடி இருக்க வேண்டும். மேலே தளம்வரை ஓரடி. மேலே இடம் குறைந்தால் ஃபேன் சுற்றும், காற்று வராது. ஆக, ஒன்பதடிக்குக் குறைந்த ஷெட்டில் சீலிங் ஃபேன் பேச்சே வேண்டாம். நம் ஊரில் புதிதாக எழும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளப் பார்க்கிங் பலவும் இதில் தேறாது. டிக்கிக் கதவைத் தூக்கும்போதும், ஏணியைத் தோளில் தூக்கி வரும்போதும் இறக்கை எங்கே இருக்கும் என்று நினைத்துப் பார்.

கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் உயரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே மெட்ராஸ் டெரஸ்: மர உத்தரங்களின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்பால் இறுக்கிய தளம். அந்தச் செங்கல்லில் துளை போடக் கூடாது. உத்தரத்தில்தான் கிளாம்ப் மாட்ட வேண்டும், ராடும் நீளமாக வாங்க வேண்டும். ஷீட் கூரையென்றால் இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கவிடலாம். மே மாத மத்தியானம் அந்த ஃபேன் ஷீட்டுக்கடியில் தேங்கிய அனலைத்தான் உன் தலையில் இறக்கும்.

உயரம் சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஷெட்டின் நடுவில் நிற்பது கார். நடுக்கொக்கியில் மாட்டிய 48 அங்குல ஃபேன் காரின் கூரைக்குத்தான் காற்று வீசும். நீயோ ஓரத்தில் உட்கார்ந்து பைக் செயினைக் கழற்றிக்கொண்டிருப்பாய். அதனால் என் ஓட்டு சுவர் ஃபேனுக்கு. 16 அங்குலம் போதும். தலைக்கு மேல் ஓரடி உயரத்தில் மாட்டி, நீ வேலை செய்யும் மூலையைப் பார்த்துச் சாய்த்து வை.

சீலிங் ஃபேன்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு ஆசைப்படாதீர்கள். சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும், அது 30 வாட்தான். ஆனால் ஷெட்டில் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் வருஷம் முழுக்க மிச்சமாவது 33 யூனிட். கூடுதலாகக் கொடுத்த விலை திரும்ப வரப் பல வருஷம் ஆகும். அந்தப் பணத்தை இரவெல்லாம் ஃபேன் ஓடும் படுக்கையறையில் போடுங்கள். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அது இல்லாமல் யார் விற்றாலும் வாங்க வேண்டாம்.

உப்புக் காற்றை மறந்துவிடாதே. அலுமினிய இறக்கை தாக்குப்பிடிக்கும். முதலில் துருவேறுவது ஸ்க்ரூவும் ராடும்தான். ஃபேன் வேகம் குறைந்தால் உடனே காயில் போய்விட்டது என்று யாராவது சொல்வார்கள். நம்பாதே. பெரும்பாலும் கன்டென்சர்தான் காரணம், மாற்ற அதிகம் செலவாகாது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நம் ஊரின் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்களில் நின்ற தண்ணீர் உனக்கு ஞாபகமிருக்கும். ஷெட் பெரும்பாலும் வீட்டைவிடப் பள்ளம். ஸ்விட்ச் போர்டை நெஞ்சுயரத்துக்குக் கீழே வைக்க விடாதே.

சீலிங் ஃபேனோ சுவர் ஃபேனோ என்ஜின் புகையை வெளியேற்றாது, உள்ளேயே கலக்கித்தான் விடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது. அதனால் ஷட்டரைத் திறக்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதே. பெட்ரோல் கேனையும் அங்கே வைக்காதே. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும்.

கடைசியாக, சீலிங் ஃபேன் மாட்டினால் எலக்ட்ரீஷியன் கிளம்புமுன் நீயே ஏணியில் ஏறிப் பார். ராடைக் கொக்கியோடு பிணைக்கும் போல்ட்டில் நட்டுக்கு அப்பால் ஸ்ப்ளிட் பின் போட்டு, அதன் இரு காலையும் விரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதே.

அன்புடன்,
பெரியப்பா