நீலத்துணியும் கோந்தும்: புதுச்சேரி – செனகல் வணிகத்தில் ஒரு முரண்

காலனிய ஆட்சியில் தமிழகக் கைத்தறித்தொழில் அடைந்த நிலையைப் பேசுவோர், மான்செஸ்டர் ஆலைத்துணியின் வரவால் அது வீழ்ந்தது என்ற ஒற்றைக் காரணத்தோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். இவ்விளக்கம் பிழையன்று; ஆயினும் முழுமையன்று. ஆலைத்துணி பெருகிவந்த 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயமிட்ட நீலத்துணி பெருமளவில் செனகலுக்குச் சென்றுகொண்டிருந்தது.

பிரெஞ்சு வணிகர் இத்துணியைக் ‘கினே’ என்றனர். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையை ஒட்டி எழுந்த பெயர் இது. நெய்த ஊரின் பெயரன்று, விற்ற சந்தையின் பெயர் என்பது கருதத்தக்கது. 18ஆம் நூற்றாண்டு அடிமை வணிகத்தில் மனிதருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட பண்டங்களுள் இதுவும் ஒன்று.

அடிமை வணிகம் தடைசெய்யப்பட்டபின் செனகல் ஆற்று வணிகத்தில் கோந்து முதலிடம் பெற்றது. ஆற்றின் வடபுலத்தில் கருவேல இன மரங்களிலிருந்து கிடைத்த கோந்தை மூர் இனத்தவர் கொணர்ந்தனர். அதைச் சேகரித்தோருள் அடிமைகள் பலர். கோந்தின் விலை நீலத்துணியின் உருப்படிக் கணக்கிலேயே பேசப்பட்டது. துணியே நாணயமாக வழங்கியதால் அதன் தரம் அரசின் கவலையாயிற்று. 1843ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசாணை அதன் அளவையும் எடையையும் வரையறுத்தது. ஐரோப்பாவில் செய்யப்பட்ட போலிகளும் சந்தைக்கு வந்தன. வாங்குவோரோ நிறத்தின் ஆழத்தையும் சாயத்தின் வாடையையும் கொண்டு புதுச்சேரித் துணியை இனங்கண்டனர்.

இவ்வாறு பெறப்பட்ட கோந்தின் பெரும்பகுதி எங்குச் சென்றது என்பதில்தான் முரண் உள்ளது. அது ஐரோப்பிய அச்சுத்துணி ஆலைகளுக்குச் சென்றது. அச்சிடும் சாயம் துணியில் படர்ந்துவிடாதபடி அதைக் கெட்டிப்படுத்தக் கோந்து இன்றியமையாதது. சோழமண்டலத் துணிகளுக்கு மாற்றாக வளர்ந்த அதே தொழிலுக்குத் தேவையான மூலப்பொருளை, சோழமண்டலத் துணியே விலையாக நின்று வாங்கித் தந்தது.

இத்துணியை முழுமையான கைவினைப்பொருள் எனக் கொள்வதும் பொருந்தாது. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் நெய்த வெள்ளைத்துணியும் சாயமிடுவதற்காகப் புதுச்சேரிக்கு வந்தது. 1820களின் இறுதியில் அங்கேயே நூற்பாலை தோன்றியது. சாயமிடுவோர்க்கும் நெய்வோர்க்கும் வேலை நீடித்தபோதே, இராட்டையில் நூற்ற பெண்கள் அதை இழக்கத் தொடங்கினர். ‘கைத்தறியின் வீழ்ச்சி’ என்னும் பொதுத்தொடரில் அப்பெண்களுக்குத் தனியிடம் இல்லை.